கியர் மாற்றியதும் பூஸ்ட் எகிறுகிறது: 4ஜி93டி, டியூட்டி அமைப்பில் உதவி தேவை

கிள்ளான்_வீரா:
வணக்கம். என்னிடம் இருப்பது மிட்சுபிஷி 4ஜி93டி எஞ்சின் மாற்றிய புரோட்டான் வீரா. 1.8 லிட்டர், டிடி04எல் டர்போ, தனி ஈசியூ (எஞ்சின் கணினி), வேஸ்ட்கேட்டுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று வழி சொலினாய்டு (மின் வால்வு; அது இயங்கும் நேரத்தின் சதவீதம்தான் டியூட்டி, கூடினால் பூஸ்டும் கூடும்). வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியை விலக்கிவிடும் மடல்) ஸ்பிரிங் மட்டும் வேலை செய்தால் 0.6 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) வரும். நான் வைத்திருக்கும் இலக்கு 1.0 பார்.

ஒரே கியரில் இழுத்தால் 1.0-இல் பிசகாமல் நிற்கிறது. 6500-இல் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றி மறுபடி மிதித்தால் 1.28 வரை போய், ஒரு நொடிக்குள் இறங்கிவிடுகிறது. நான்காவது கியருக்குப் போகும்போது சில சமயம் 1.3-ஐத் தொட்டு ஃபியூயல் கட் (பூஸ்ட் எல்லை மீறினால் எரிபொருளை நிறுத்துவது) விழுகிறது. செப்பாங் பந்தயத் தடத்தின் நேர்பாதையில் முழு வேகத்தில் அப்படி வெட்டுவது பயமாக இருக்கிறது. ஈசியூவின் பிஐடி கணக்கில் பி-யைக் (இலக்கிலிருந்து உள்ள வித்தியாசத்துக்கான எதிர்வினை) குறைத்தால் கியருக்குள் பூஸ்ட் மெதுவாக ஏறுகிறது, டி-யைக் (வித்தியாசம் மாறும் வேகத்துக்கான எதிர்வினை) கூட்டினால் டியூட்டி நடுங்குகிறது. எதைத் தொடுவது?

ஷா_ஆலாம்_டர்போ:
ஃபியூயல் கட்டை 1.5-க்கு ஏற்றிவிடுங்கள் அண்ணே. ஒரு நொடி எகிறல்தானே, ரோன் 97 பெட்ரோல் தாங்கும்.

ஈப்போ_பட்டறை:
அதைச் செய்யவே வேண்டாம். கியர் மாற்றி வந்து நிற்கும் 4500 ஆர்பிஎம் டார்க் உச்சத்துக்குப் பக்கம். சிலிண்டர் அழுத்தம் அங்கேதான் அதிகம், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வருவதும் அங்கேதான். ஒரு நொடி போதும், பிஸ்டன் ரிங் இருக்கும் விளிம்பு உடைய. கட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

வீரா தம்பி, பி, ஐ, டி மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கியருக்குள் ஒழுங்காக நிற்கிறது என்றால் அந்த எண்கள் பெரிய தப்பில்லை. இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஆக்சுவேட்டருக்குப் (வேஸ்ட்கேட்டைத் திறக்கும் பாகம்) போகும் அழுத்தத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள், டர்போ வாயிலிருந்தா, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தா (எஞ்சினுக்குக் காற்று பிரியும் குழாய்)? மேனிஃபோல்டிலிருந்து என்றால் காலை எடுத்ததும் அங்கே வேக்யூம் வந்துவிடும், வேஸ்ட்கேட் மூடிவிடும், திரும்ப மிதிக்கும்போது தாமதமாகத்தான் திறக்கும். அந்த ஒரு ஹோஸை மாற்றினாலே பாதி தீர்ந்த கதை உண்டு.

இரண்டாவது, த்ராட்டில், ஆர்பிஎம், மேப் (மேனிஃபோல்ட் அழுத்தம்), இலக்கு, டியூட்டி ஐந்தும் சேர்ந்த லாக் (பதிவு) வேண்டும். கியர் மாற்றுவது அரை நொடி வேலை. நொடிக்கு 10 தடவை பதிவு செய்தால் ஒன்றும் புரியாது, 50-க்கு மேல் வையுங்கள்.

கிள்ளான்_வீரா:
ஹோஸ் டர்போ வாயிலிருந்துதான், ஒரு அடிகூட இல்லை. லாக்கில் இருப்பது இது. 6520-இல் த்ராட்டில் 100, பூஸ்ட் 1.01, டியூட்டி 54. காலை எடுத்ததும் மேனிஃபோல்ட் மைனஸ் 0.55, இலக்கு அப்போதும் 1.0, டியூட்டி நேராக 95. 4480-இல் மறுபடி முழுசாக மிதிக்கும்போதும் 95-தான். பூஸ்ட் 1.0-ஐத் தாண்டிய பிறகுதான் இறங்கத் தொடங்குகிறது.

ஈப்போ_பட்டறை:
அதேதான். நீங்கள் காலை எடுத்த அரை நொடியும் ஈசியூ பார்ப்பது "இலக்குக்கு 1.55 பார் குறைகிறது" என்பதை மட்டுமே. அதனால் ஐ பகுதி (வித்தியாசத்தை நேரத்தோடு கூட்டும் பகுதி) சேர்ந்துகொண்டே போய் உச்சத்தில் உட்கார்ந்துவிடுகிறது. சேர்ந்தது கரைய வேண்டுமானால் பூஸ்ட் இலக்கைத் தாண்டியே ஆக வேண்டும், எகிறல் அங்கேயே உறுதியாகிவிட்டது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. டர்போ சக்கரம் 6500-க்கு ஏற்ற வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சின் 4500-க்கு விழுந்துவிடும். எஞ்சின் குடிக்கும் காற்று திடீரென்று குறையும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் தானாகவே ஏறும். அந்த நேரம் பார்த்து வேஸ்ட்கேட்டும் மூடியிருந்தால் 1.28 வராமல் என்ன செய்யும்?

க்ளோஸ்ட் லூப் (பூஸ்டைப் பார்த்து ஈசியூ டியூட்டியைத் திருத்துவது) வேலை செய்ய இரண்டு நிபந்தனை வையுங்கள்: த்ராட்டில் 70-க்கு மேல் இருக்க வேண்டும், பூஸ்ட் இலக்கிலிருந்து 0.2 பாருக்குள் வந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் ஐ பூஜ்யமாகட்டும். அப்புறம் ஐ-க்கு மேலும் கீழும் 10 சதவீதம் எல்லை போடுங்கள். அடிப்படை அட்டவணை (எந்த ஆர்பிஎம்முக்கு எவ்வளவு டியூட்டி என்பது) சரியாக இருந்தால் அதற்கு மேல் தேவைப்படாது.

அட்டவணையில் 4500-க்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

கிள்ளான்_வீரா:
90. பூஸ்ட் சீக்கிரம் ஏற வேண்டும் என்று 4500 வரை 90, அதற்குப் பிறகு 54.

ஈப்போ_பட்டறை:
அதை மாற்றாமல் மற்றது எதுவும் பலிக்காது. கீழிருந்து இழுக்கும்போது 90 நல்லது. ஆனால் கியர் மாற்றி வரும்போதும் அதே கட்டத்தில்தானே வந்து விழுகிறீர்கள். க்ளோஸ்ட் லூப்பை அணைத்துவிட்டு, ஃபியூயல் கட்டை 1.2-க்கு இறக்கி, டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) மூன்றாவது கியரில் டியூட்டி 40-இல் ஒரு இழுப்பு, 45-இல் ஒன்று, 50-இல் ஒன்று என்று மெதுவாக ஏற்றிப் போங்கள். எந்த ஆர்பிஎம்மில் எந்த டியூட்டிக்கு 1.0 நிற்கிறதோ அதைத்தான் அட்டவணையில் எழுத வேண்டும். 90 வேண்டுமென்றால் 3000-க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு_4ஜி:
இடையில் ஒரு வார்த்தை. வேஸ்ட்கேட் மடல் சிக்காமல் அசைகிறதா என்று கையாலும் பார்த்துவிடுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போனால் அது வேஸ்ட்கேட் துளை போதாத பிரச்சினை, எந்த அட்டவணையாலும் தீராது. உங்களுடையது எகிறி உடனே இறங்குகிறது, அதனால் ஈப்போ அண்ணன் சொல்வதுதான் சரி.

கிள்ளான்_வீரா:
மடல் சுலபமாக அசைகிறது. அட்டவணையைப் புதிதாக எழுதினேன், 4500-இல் 49 வந்தது. நிபந்தனைகளும் போட்டாயிற்று. எகிறல் போயே போய்விட்டது, உச்சம் 1.03. ஆனால் மூன்றாவது கியரில் மிதித்ததும் 0.8-க்கு வந்து, மெதுவாகத்தான் 1.0-ஐத் தொடுகிறது. லாக்கில் காலை எடுத்த நேரம் டியூட்டி 0 காட்டுகிறது.

ஈப்போ_பட்டறை:
நிபந்தனை இல்லாதபோது சொலினாய்டையே அணைத்துவிடும்படி அமைப்பு இருக்கிறது. டியூட்டி 0 என்றால் டர்போ வாயின் அழுத்தம் முழுசும் ஆக்சுவேட்டருக்குப் போய் வேஸ்ட்கேட் திறந்துவிடும், சக்கரமும் வேகம் இழக்கும். ஐ மட்டும் பூஜ்யமாகட்டும், டியூட்டி அட்டவணை எண்ணிலேயே நிற்கட்டும். அப்படி வைத்து 1.1-ஐத் தாண்டினால், மிதித்த முதல் 0.4 நொடிக்கு மட்டும் இலக்கை 0.9-இல் தொடங்கி 1.0-க்கு ஏற்றுங்கள்.

கிள்ளான்_வீரா:
இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு 1.05, மூன்றிலிருந்து நான்குக்கு 1.07. இறக்கமும் இல்லை. இலக்கு ஏற்றம் தேவைப்படவில்லை. ரொம்ப நன்றி அண்ணே. கட் 1.2-லேயே இருக்கட்டுமா?

ஈப்போ_பட்டறை:
இருக்கட்டும். விடியற்காலைக் குளிரில் ஒரு தடவை லாக் எடுத்துப் பாருங்கள், காற்று அடர்த்தியாக இருக்கும்போது பூஸ்ட் கொஞ்சம் கூடும். அப்போதும் 1.1-க்குள் நின்றால் அட்டவணையைச் சேமித்து வைத்துவிடுங்கள்.