மகனுக்குக் காலேஜ் ஃபுட்பால் டீமில் பணம் தருகிறார்களாம், கையெழுத்துப் போடலாமா?

ஈரோட்டு_அம்மா_டெக்சஸ்:
அவசரம், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். மகன் ஊரில் கால்பந்து ஆடியவன். இங்கே ஹைஸ்கூலில் அவன் உதைப்பதைப் பார்த்து அமெரிக்க ஃபுட்பாலில் கிக்கராகச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது காலேஜில் முதல் வருடம், பாதி ஸ்காலர்ஷிப். வேறொரு யூனிவர்சிட்டிக்காக ஒரு ஏஜென்ட் பேசுகிறார். காலேஜ் மாற நினைக்கும் ஆட்டக்காரர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தால் முழு ஸ்காலர்ஷிப், மாதாமாதம் பணமும் உண்டாம். ஜனவரி 16 கடைசி நாள், அதற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டும் என்கிறார். அவன் அப்பா ஊருக்குப் போயிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஓஹாயோ_செந்தில்:
பயப்படாதீர்கள் அக்கா, பணம் தருவது சட்டப்படிதான். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். அதுதான் என்.ஐ.எல். காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல் ஆட்டக்காரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றபின் காலேஜே நேரடியாகத் தரலாம். முதல் வருடம் ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை. கிக்கருக்கு அதில் சின்னப் பங்குதான் வரும். ஆனாலும் வந்த வாய்ப்பை விடாதீர்கள்.

மேரிலாந்து_வாசுகி:
நான் வேண்டாம் என்பேன். நாங்கள் வந்த புதிதில் ஜனவரிக் குளிரில், நல்ல கோட்டுகூட இல்லாமல், அவசரத்தில் ஒரு பேஸ்மென்ட் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டோம். ஹீட்டர் வேலை செய்யவில்லை, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. காலி செய்தால் மிச்ச மாத வாடகையும் கட்டச் சொன்னார்கள். யார் அவசரப்படுத்தினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்க வந்த பிள்ளை படிக்கட்டும்.

ஆய்வு_மாணவன்:
எங்கள் யூனிவர்சிட்டியில் இந்த வருடம் விளையாட்டுக்கென்று மாணவர்களிடம் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். எங்கள் உதவித்தொகை அப்படியே நிற்கிறது. டென்னசி யூனிவர்சிட்டியில் ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவதற்காகவே ஃபுட்பால் டிக்கெட்டில் 10 சதவீதம் கூடுதல் போட்டார்கள். லேபில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களை யார் நினைக்கிறார்கள்?

ஓஹாயோ_செந்தில்:
தம்பி, உங்கள் கோபம் நியாயம், ஆனால் அந்தப் பையன்கள் மேல் அல்ல. லட்சம் பேர் உட்காரும் மைதானம், கோடிக்கணக்கில் டிவி வருமானம், கோச்சுக்கு மில்லியன்களில் சம்பளம். முட்டி உடைய ஆடியவனுக்குப் பல தலைமுறையாக ஸ்காலர்ஷிப் மட்டும்தான். 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஹவுஸ் சமரசப்படி 2016இலிருந்து ஆடியவர்களுக்குப் பாக்கியாக 2.8 பில்லியன் டாலர் போகிறது. அது அவர்கள் உழைத்த காசு.

மேரிலாந்து_வாசுகி:
சரி, காசு வரட்டும். இப்படிக் காலேஜ் விட்டுக் காலேஜ் தாவுவதற்கு என்ன சொல்கிறீர்கள்? முன்பெல்லாம் காலேஜ் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2024இலிருந்து மதிப்பெண் சரியாக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். ஒவ்வொரு முறையும் படித்த கிரெடிட்டில் கொஞ்சம் போகும். கடைசியில் டிகிரி?

டாலஸ்_ரவி:
ஈரோட்டுச் சகோதரி, முக்கியமானதை யாரும் கேட்கவில்லை. மகன் எந்த விசாவில் இருக்கிறான்?

ஈரோட்டு_அம்மா_டெக்சஸ்:
எச்-4, அப்பாவின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்தது. விசாவுக்கும் விளையாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

டாலஸ்_ரவி:
அதில்தான் எல்லாமே இருக்கிறது. எச்-4 பிள்ளைகள் இங்கே படிக்கலாம், ஸ்காலர்ஷிப் வாங்கலாம். வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. டீமில் மாதப் பணம், விளம்பரப் பணம் எதை வாங்கினாலும் அனுமதியில்லாத வேலை என்று ஆகலாம். நாளை கிரீன் கார்டு நேரத்தில் அது குறுக்கே நிற்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தீராது. கென்டக்கியில் கூடைப்பந்து ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷீப்வே, 2022இல் டீம் பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை, அமெரிக்காவுக்குள் செய்ய முடியாததால், அங்கே வைத்துத்தான் செய்தார். செந்தில் சொன்னது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்குச் சரி.

ஜனவரி 16 என்பது போர்ட்டலில் பெயர் கொடுப்பதற்கான கடைசி நாள். புதுக் காலேஜை முடிவு செய்ய அது கெடு இல்லை, ஏஜென்ட் ஒப்பந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயரைப் பதிவது இப்போதைய காலேஜில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ். மகன் எழுதிக் கேட்டால் இரண்டு வேலை நாளில் ஏற்ற வேண்டும். ஏஜென்ட் தேவையே இல்லை. ஆனால் பெயர் ஏறியதும் இப்போதுள்ள பாதி ஸ்காலர்ஷிப்பை இந்தப் பருவம் முடிந்ததும் நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. பெயர் ஏறுமுன் வேறு காலேஜ் தூது விடுவதும் விதிமீறல், அதனால் அந்த ஏஜென்ட் சொல்லும் "உறுதி"யை நம்பி இருப்பதை விடாதீர்கள். டீமுக்கு 105 பேர்தான் என்று பெரும்பாலான பெரிய காலேஜ்களில் வரம்பு வந்துவிட்டது, அதில் கிக்கருக்கு இடம் குறைவு.

நாளைக் காலை முதல் வேலையாக இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள்.

ஈரோட்டு_அம்மா_டெக்சஸ்:
மாமனார் எச்-1பி வக்கீலின் நம்பர் தந்தார், நாளை பத்து மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், ஏஜென்ட் 20 சதவீதம் கேட்கிறார்.

டாலஸ்_ரவி:
தொழில்முறை ஃபுட்பாலான என்.எஃப்.எல்.லில் ஏஜென்டுக்கு உச்சவரம்பே 3 சதவீதம். காலேஜில் அப்படி வரம்பு இல்லாததால் கேட்கிறார். டெக்சஸில் விளையாட்டு ஏஜென்ட்கள் மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும், அவர் பெயர் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்து, மகனின் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு) நகலோடு வக்கீலிடம் கொண்டுபோங்கள். 21 வயதானால் எச்-4 போய்விடும், எஃப்-1க்கு எப்போது மனுப்போட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.