பழைய டொல்பின் வானுக்குக் காசு போடுறதோ, வித்துத் தள்ளுறதோ?

டொல்பின்காரன், கோண்டாவில்
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட 3எல் எண்ட டீசல் எஞ்சின் போட்ட டொல்பின் ஹையேஸ் வான் ஒண்டு நிக்குது. பின் சீற்றுகளைக் கழட்டிப்போட்டு பலகைக் கட்டில் அடிச்சு, காஸ் அடுப்பும் தண்ணிக் கானும் வைச்சு, லீவு வந்தால் பிள்ளையளோட சாட்டிக் கடற்கரை, மணற்காடு, மன்னார் எண்டு திரியுறம். இப்ப நொசில், பம்ப், அடிப்பக்கக் கறள் எல்லாம் ஒண்டாப் பாக்கவேண்டி வந்திட்டுது. சின்னக் காசு இல்லை.

இந்த நேரம் பாத்து லண்டன் ஹரோவில இருக்கிற அத்தான் "அதுக்குள்ள காசைக் கொட்டாதை" எண்டுறார். அவர் தன்ர டீசல் கேம்பரை, படுக்கை வைச்ச பயண வானை, வித்துப்போட்டார். அங்க யூலெஸ் எண்டு ஒரு சட்டமாம். பழைய டீசல் றோட்டில இறங்கினால் நாளுக்கு 12.50 பவுண். "இண்டைக்கு லண்டன், நாளைக்கு யாழ்ப்பாணம்" எண்டு வேற சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?

சைக்கிள் ரீச்சர்
அத்தான் சொன்னது பலிக்கவேணும் எண்டுதான் நான் நேருறன்.

ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடேக்க வேம்படிச் சந்தியில வந்து நில்லுங்கோ. சிவப்பு லைற் மாறினதும் முன்னுக்கு நிக்கிற பழைய டீசல் ஒரு உறுமல் உறுமும். பின்னால சைக்கிளில நிக்கிற பிள்ளையின்ர வெள்ளைச் சட்டைக் கொலர் வரைக்கும் கறுப்பு. அந்தப் புகைக்கு வான் கடற்கரைக்குப் போகுதோ கலியாண வீட்டுக்குப் போகுதோ எண்டு தெரியாது.

லண்டனில எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா எண்ட 9 வயசுப் பிள்ளை, பெரிய றோட்டொண்டுக்குக் கிட்ட இருந்த பிள்ளை, ஆஸ்துமாவில 2013 இல செத்தது. 2020 டிசம்பரில மரண விசாரணை அதிகாரி அந்தப் பிள்ளையின்ர சாவுக்கு வளி மாசும் ஒரு காரணம் எண்டு பதிஞ்சார். பிரித்தானியாவில அப்பிடிப் பதிஞ்சது அதுதான் முதல்தரம். இங்க அப்பிடி ஒரு காரணத்தை எழுத ஆர் இருக்கினம்?

வடலி
ரீச்சர், கோவிக்காதேங்கோ. சிவப்பு லைற்றில உறுமினது உந்தத் தம்பியின்ர டொல்பின் இல்லை, நாள் முழுக்க ஓடுற மினிபஸ். இவர் லீவுக்கு லீவு எடுக்கிற வானைப் பிடிச்சுத் தண்டிச்சால் வேம்படிச் சந்தி வெளிச்சிடுமோ?

லண்டனில பழசை வித்தால் ஒரு கிழமையில வேற எடுக்கலாம். இங்க 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவன், தனியார் வாகனத்துக்குத் திருப்பித் திறந்தது 2025 பெப்ரவரியில. அந்த 5 வருசமும் இந்தப் பழசுகள்தான் நாட்டை இழுத்தது. இப்ப புதுசு எடுக்கிறதெண்டால் வரியோட சேத்து வயலை வித்தாலும் காணாது.

லண்டன் மருமோன்
அத்தான்மார் பாதிக் கதைதான் சொல்லுவினம், மிச்சத்தை நான் சொல்லுறன்.

யூலெஸ் 2019 ஏப்ரலில நடு லண்டனில தொடங்கினது. 2021 ஒக்ரோபரில வடக்கு, தெற்கு வட்ட வீதியள் வரைக்கும் வந்தது. ஈஸ்ட் ஹாம் சனம் அப்பவே மாட்டிற்றுதுகள். ஹரோ, டூட்டிங் எல்லாம் 2023 ஓகஸ்ட் 29 இல. ஹரோ உட்பட 4 உள்ளூராட்சிச் சபையளும் சறே கவுண்டியும் வழக்குப் போட்டு ஜூலையில தோத்தவை. வாகன நம்பரைப் பிடிக்கிற கமராக்களை வெட்டி விழுத்தின ஆக்களும் இருந்தவை.

டீசல் எண்டால் யூரோ 6 எண்ட புகைத் தரம் வேணும், கிட்டத்தட்ட 2015 செப்ரெம்பருக்குப் பிறகு வந்தது. பெற்றோலுக்கு யூரோ 4 காணும், 2006 அளவில இருந்து வந்தது. அதுக்கு முந்தின பெற்றோல் வானும் தப்பலாம்: கிலோமீற்றருக்கு 0.08 கிராமுக்கு மேல நைதரசன் ஒக்சைட்டு வராது எண்டு கொம்பனிப் பத்திரம் எடுத்துக் காட்டினால் விடுவாங்கள். கேம்பர் வைச்சிருக்கிற ஆக்கள் கனபேர் அந்தப் பத்திரத்துக்கு நாயாய் அலைஞ்சவை.

இன்னொண்டு. வீட்டு வாசலில நிண்டால் காசில்லை, ஓடின நாளுக்குத்தான். வெள்ளி வெளிக்கிட்டு ஞாயிறு திரும்பினால் 25 பவுண். ஞாயிறு வாறது பிந்தி லண்டனுக்குள்ள நடுச்சாமம் தாண்டினால் இன்னொரு 12.50. வருசத்தில நாலைஞ்சு பயணம் போற ஆளுக்கு அந்தக் காசு வானின்ர இன்சூரன்சை விடக் குறைவு. அத்தான் வித்ததுக்கு வேற காரணமும் இருந்திருக்கும்.

டொல்பின்காரன், கோண்டாவில்
இருந்தது. அக்காவுக்கு அந்த வான் கண்ணில காட்டக் கூடாது.

பலாலி றோட்டு
எனக்கொரு யோசினை. அங்க மலிவா விக்கிற கேம்பரைக் கொண்டெய்னரில போட்டு இங்க இறக்கினால் என்ன? ஸ்ரியறிங்கும் வலப்பக்கம்தானே.

லண்டன் மருமோன்
இறக்குமதிக்கு வயசுக் கட்டுப்பாடு இருக்குது அண்ணை, துறைமுகத்திலயே நிக்கும். லண்டனில பழசை உடைக்கக் குடுத்தால் ஸ்கிறப் காசு குடுத்த காலத்தில உக்ரைனுக்கு அன்பளிப்பாக் குடுக்கலாம் எண்டும் விட்டவை. யாழ்ப்பாணத்துக்கு அப்பிடி ஒரு வழி இல்லை.

கராஜ் பெடியன், திருநெல்வேலி
எல்லாரும் வருசத்தைப் பிடிச்சுத் தொங்குறியள். நான் புகையைப் பாக்கிற ஆள்.

கறுப்புப் புகை எண்டால் டீசல் கூட, காத்துக் குறைவு. எயார் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்லாட்டி நொசில் தூவாமல் ஒழுகும், இல்லாட்டி பம்ப் கூட ஊத்தும். நீலம் எண்டால் ஒயில் எரியுது, ரிங், வால்வு சீல் பாக்கவேணும். காலமை ஸ்ராட் பண்ணேக்க கொஞ்சம் வெள்ளை வந்தால் பயமில்லை, சூடேறியும் நிக்காட்டி ஹெட் காஸ்கெற். 3எல்லில கொம்பியூட்டரும் இல்லை, சென்சரும் இல்லை. ஒழுங்கா நொசில் செற் பண்ணி, பம்பை மேசையில வைச்சு அளந்து பூட்டினால் வெள்ளைத் துணியைப் பின்னால பிடிக்கலாம்.

என்ர கராஜில நடக்கிறதையும் சொல்லுறன். வருச லைசன்சுக்குப் புகைச் சோதனை வேணும் எல்லோ? முதல்நாள் கொண்டுவருவினம், "தம்பி, பம்பில அந்த ஸ்குரூவைக் கொஞ்சம் குறைச்சு விடு" எண்டு. டீசல் குறையும், புகை குறையும், ஏத்தத்தில இழுவையும் குறையும். பாஸ் பண்ணின கையோட திரும்பி வருவினம், "இப்பக் கூட்டி விடு." பிரதேச செயலகத்தில லைசன்ஸ் எடுக்கிறதுக்கு முதலே வான் பழையபடி புகைக்கும். நான் உந்த வேலை செய்யிறேல்லை எண்டால் பக்கத்துக் கராஜில செய்வினம்.

சைக்கிள் ரீச்சர்
பாத்தியளோ. உங்கட சோதனையின்ர லட்சணம் இதுதான். வருசத்தில ஒருநாள் நல்ல பிள்ளை. அதாலதான் லண்டன்காரன் வாகனத்தை நம்பாமல் வருசத்தை நம்பினவன். வருசத்துக்கு ஸ்குரூ இல்லை.

வடலி
அந்த லண்டன்காரனேதான் 40 வருசம் தாண்டின வாகனத்துக்குச் சரித்திர வாகனம் எண்டு பேர் வைச்சு, சதம் வாங்காமல் விடுறவன். 1982 வான் புகைச்சுக்கொண்டு சும்மா போகலாம், 2012 வான் காசு கட்டவேணும். உதென்ன நியாயம்? ஜேர்மனியிலயும் 30 வருசம் தாண்டிப் பழைய வாகன நம்பர் எடுத்தால் வளி வலயத்துக்குள்ள விடுவினம் எண்டு சித்தப்பா சொல்லுறவர். உங்கட கணக்குப்படி தம்பி டொல்பினைப் போத்து மூடி வைச்சால் கொஞ்சக் காலத்தில அது புண்ணிய வாகனம்.

லண்டன் மருமோன்
அந்தச் சலுகை வாடகைக்கு, யாவாரத்துக்கு ஓடுறதுக்கு இல்லை. அப்பிடியான வாகனங்கள் எண்ணிக்கையிலயும் குறைவு, ஓடுறதும் குறைவு, அதால விட்டவை. நியாயமோ எண்டு கேட்டால் எனக்கும் இடிக்குதுதான்.

கராஜ் தம்பிக்கு ஒண்டு. புகை தெரியேல்லை எண்டால் சுத்தம் எண்டு நினைக்காதேங்கோ. லண்டனில டீசலைப் பிடிச்சதே முக்கியமா நைதரசன் ஈரொட்சைட்டுக்கு. அது கண்ணுக்குப் படாது. இலங்கைச் சோதனையில டீசலுக்குப் புகையின்ர கறுப்பை மட்டும்தான் அளக்கிறது. பெற்றோலுக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். நைதரசன் ஒக்சைட்டு ரெண்டிலயும் இல்லை. பம்பின்ர ரைமிங்கை முன்னுக்குத் தள்ளினால் புகை குறையும், எரியிற சூடு கூடும், அந்த வாயுவும் கூடும். வெள்ளைத் துணி வெள்ளையாத்தான் இருக்கும்.

கராஜ் பெடியன், திருநெல்வேலி
அது உண்மை அண்ணை. ஆனால் கராஜில அதை அளக்க எங்களிட்ட மிசின் இல்லை. கையில இருக்கிறதை முதல் செய்வம். கந்தகம் குறைஞ்ச சுப்பர் டீசல் அடிச்சாலும் நல்லம், ஆனால் விலையைக் கேட்டால் ஆரும் அடிக்காயினம்.

வடலி
வளி வளி எண்டுறியளே, கல்லுண்டாயில குப்பை பத்தி எரியேக்க ஆனைக்கோட்டைப் பக்கம் மூச்சு விட்டுப் பாத்திருக்கிறியளோ? மார்கழியில வடகீழ்க் காத்தோட இந்தியாப் பக்கத்தால வாற தூசுக்கு எந்த வானை நிப்பாட்டுவியள்? 2022 டிசம்பரில வளி பழுதெண்டு பள்ளிக்கூடம் பூட்டினவங்கள், அது டொல்பினாலயோ? அந்த வருசம் டீசலுக்குக் கியூவில படுத்தெழும்பின சனம் நாங்கள், கியூஆர் பங்கீடு வந்த பிறகு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஊரில வாகனம் ஓடினது குறைஞ்ச வருசத்திலதான் வளி அவ்வளவு பழுதாக் கிடந்தது.

சைக்கிள் ரீச்சர்
வெளியால வாறதைத் தடுக்க ஏலாது எண்டதுக்காக உள்ளுக்க நாங்களும் சேத்து ஊதுறதோ? மார்கழியில ஏற்கெனவே நிரம்பியிருக்கிற வளிக்குள்ளதான் உங்கட புகையும் போகுது. கல்லுண்டாய்க்கும் நான் எதிர்தான், அதுக்குத் தனியா வாங்கோ, சண்டை பிடிப்பம்.

பழைய டீசலுக்கு முழு யாழ்ப்பாணத்தையும் மூடச் சொல்லேல்லை. ஆஸ்பத்திரி வீதி, பஸ் ஸ்ராண்டைச் சுத்தி, வேம்படிச் சந்தி. பள்ளிக்கூடம் தொடங்கிற, விடுற நேரம் மட்டும். பஸ்ஸும் சேத்துத்தான், அது 50 பேரை ஏத்துது எண்டதால கொஞ்சம் தவணை குடுக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் கோயிலைச் சுத்தி றோட்டு மூடுறம். ஆராவது செத்தோ போனம்? வயசு போனதுகள் முதல்கொண்டு நடந்துதானே போகுதுகள்.

வடலி
அது முருகனுக்காக நடக்கிறது. சபைக்காக நடக்கச் சொல்லிப் பாருங்கோ, தெரியும். திருவிழாவிலயும் பக்கத்து வளவுக்காரர் சைக்கிளுக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் காசு வாங்கி நல்லா உழைக்கினம். உங்கட வலயம் வந்தால் முதல் பணக்காரன் ஆகிறது ஆஸ்பத்திரி வீதி விளிம்பில காணி வைச்சிருக்கிறவன்.

வாகனச் சட்டம் எல்லாம் கொழும்பின்ர கையில. மாநகர சபை நினைச்சாலும் எவ்வளவு செய்யேலும்? கமரா வாங்கக் காசு ஆர் தாறது?

பலாலி றோட்டு
மண்ணெண்ணெயில கார் ஓடின ஊர் இது. சண்டை நேரம் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில பெற்றோலைச் சொட்டாக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் ஊர் முழுக்கப் புகைச்சுக்கொண்டு ஓடினது. அப்ப இருமின ஆக்கள்தான் இப்ப கிளினிக்கில நம்பர் எடுத்துக்கொண்டு இருக்கினம். நான் ரீச்சர் பக்கம்.

டொல்பின்காரன், கோண்டாவில்
எல்லாருக்கும் நன்றி. வானை விக்கேல்லை. நொசிலும் பம்பும் முதல் செய்யிறன், கறள் பிறகு. ரீச்சர், எனக்குச் சாட்டிக்குப் போக ரவுணுக்குள்ளால போகவேண்டிய தேவை இல்லை, ஆனைக்கோட்டைப் பக்கத்தால விழுவன். பள்ளிக்கூட நேரம் உங்கட சந்திக்கு வரமாட்டன், சட்டம் வந்தாலும் வராட்டியும்.

கராஜ் தம்பி, எப்ப கொண்டு வாறது?

கராஜ் பெடியன், திருநெல்வேலி
செவ்வாய் காலமை. ராங்கைக் காயவிட்டுக் கொண்டாங்கோ, அடியில மண்டி இருந்தால் கழுவலாம். பம்பை அளந்து பூட்டின உடன ஸ்குரூவுக்கு ஈயச் சீல் அடிப்பன். பிறகு இழுவை காணாது எண்டு வந்து அதை உடைக்கச் சொல்லக்கூடாது.

வடலி
மன்னார் றோட்டில எங்க ஏத்தம் இருக்கு, இழுவை காணாமப் போக?

சைக்கிள் ரீச்சர்
சீல் அடிச்ச பிறகு ஒருக்கா ஒண்டரைக்கு வேம்படிக்குக் கொண்டு வாங்கோ. ஒரே ஒருக்கா. வெள்ளைத் துணி நான் கொண்டு வாறன்.