பக்கச் செட்பேக் 22 அங்குலம் குறைகிறது: வேரியன்ஸ் (விதிவிலக்கு) கிடைக்குமா?

கேள்வி:
நியூயார்க் மாநிலத்தில் ஒரு டவுன். ஒற்றைக் குடும்ப வீட்டுக்குப் பின்பக்கம் கூடுதல் கட்டடம். பக்கச் செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, 15 அடி. அஸ்திவாரம் முடிந்து ஃபிரேமிங் (சுவர்ச் சட்டகம்) பாதி ஏறியபின் சர்வே எடுத்ததில் 13 அடி 2 அங்குலம்தான் இருக்கிறது. கான்ட்ராக்டர் எல்லைக் குறியை விட்டுவிட்டு வேலியிலிருந்து அளந்திருக்கிறார். வேலை நிறுத்த உத்தரவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இடித்தே ஆக வேண்டும் என்கிறார். பெர்மிட் கொடுத்தது டவுன்தானே, அதை வைத்து வாதாடலாமா?

பதில் 1:
அது எடுபடாது. பெர்மிட்டே தவறாகக் கொடுக்கப்பட்டாலும் சோனிங் (எங்கே, எப்படிக் கட்டலாம் என்ற) விதியை அமல்படுத்தும் உரிமை போய்விடாது என்பதுதான் அங்குள்ள நீதிமன்றங்களின் நிலை. 1988-இல் தீர்ப்பான பார்க்வியூ அசோசியேட்ஸ் வழக்கில் மன்ஹாட்டனின் 31 மாடிக் கட்டடத்துக்கு நகரமே அனுமதி கொடுத்திருந்தது. கடைசியில் மேல் 12 மாடிகளை இறக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கோ பெர்மிட் வரைபடம் சரி, கட்டியதுதான் விலகியிருக்கிறது.

சோனிங் மேல்முறையீட்டு வாரியத்தில் ‘ஏரியா வேரியன்ஸ்’ (அளவு விதியிலிருந்து விலக்கு) கேளுங்கள். மாநிலத்தின் டவுன் சட்டம் 267-பி பிரிவின்படி, உங்களுக்குக் கிடைக்கும் பயனையும் அக்கம்பக்கத்துக்கு வரும் பாதிப்பையும் வாரியம் எடைபோடும். ஐந்து கேள்விகள்: தெருவின் தன்மை கெடுமா, வேறு வழி உண்டா, கேட்கும் சலுகை பெரிதா, சூழலுக்குப் பாதகமா, சிக்கலை நீங்களே வரவழைத்தீர்களா. கான்ட்ராக்டர் செய்ததும் பெரும்பாலும் உரிமையாளர் கணக்கில்தான் வரும். ஆனால் அது ஒன்றையே வைத்து மறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதை மறுத்து நேரம் வீணாக்காமல் மற்ற நான்கில் உழையுங்கள்.

‘பெரிதா’ என்பதற்கு 12 சதவீதம் என்று மட்டும் எழுதினால் போதாது. சுவர் முழுக்க 22 அங்குலமா, ஒரு மூலையில் மட்டுமா? 24 அடிச் சுவர் சாய்ந்து போய் மறுமுனையில் சரியாக 15 அடி இருந்தால், செட்பேக்குக்குள் விழுவது சுமார் 22 சதுர அடி முக்கோணம்தான். படத்தில் அதை மட்டும் நிழலிட்டுக் காட்டுங்கள்.

பதில் 2:
அளவுகளில் இரண்டு பொறிகள் உண்டு. சர்வே தசம அடியில் வரும். 13 அடி 2 அங்குலம் என்பது 13.17. அதை 13.2 என்று எழுதி வேரியன்ஸ் வாங்கினால், கட்டடம் மறுபடியும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக விதியை மீறும்.

இரண்டாவது, அளந்தது அஸ்திவாரத்தின் முகத்தையா? ஷீத்திங் (சட்டகத்தின் மேல் அடிக்கும் பலகை), சைடிங் (வெளிப்பூச்சுப் பலகை) சேர்ந்தால் சுவர் இன்னும் ஓரிரு அங்குலம் வெளியே வரலாம். செட்பேக்கை எதுவரை அளப்பது என்று உங்கள் டவுன் விதியின் விளக்கப் பகுதியில் பாருங்கள். சில ஊர்களில் சுவர், சிலவற்றில் கூரை விளிம்பு. வாரியம் ‘தேவையான குறைந்தபட்சம்’ மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதால் கண்மூடி 12 அடி கேட்காதீர்கள். முடிந்த சுவரின் கணக்கைப் போட்டு, உரிமம் பெற்ற சர்வேயர் முத்திரையோடு அந்த எண்ணைக் கேளுங்கள்.

பதில் 3:
பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பட்டை நிலம் விலைக்குக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். மறுத்தாலும் நல்லதே, ‘வேறு வழி’ என்ற கேள்விக்கு அதுவே சான்று. சம்மதித்தால், அவர் வீட்டுச் செட்பேக் அதனால் குறையாதா என்று பாருங்கள். இடித்துக் கட்டும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். இத்தகைய தகராறில் எதிர்ப்பு அனேகமாக மழைநீரில்தான் வந்து நிற்கும்: கூரை நீரை கட்டர் (கூரையோர நீர்வாரி) வழியாக உங்கள் மனையிலேயே உறிஞ்சுகுழிக்கு இறக்கும் படத்தை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

கெடுக்களைத் தவறவிடாதீர்கள். டவுன் கட்டட ஆய்வாளரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு 60 நாளுக்குள். விசாரணை முடிந்து 62 நாளுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். முடிவு டவுன் கிளார்க்கிடம் பதிவானபின் 30 நாளுக்குள் பாதிக்கப்பட்ட யாரும் ஆர்ட்டிகிள் 78 வழக்கு (அந்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழக்கு) போடலாம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. அதுவரை சுவர் எழுப்பாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

மனை மாநில அல்லது கவுன்டி (மாவட்டம் போன்றது) சாலையிலிருந்து 500 அடிக்குள் இருந்தால், கவுன்டியோடு டவுனுக்கு விலக்கு ஒப்பந்தம் இல்லாதவரை கவுன்டி திட்டக்குழுவுக்கும் அனுப்பியாக வேண்டும். அதை விட்டுவிட்டால் கிடைத்த வேரியன்ஸே செல்லாமல் போகும். அனுப்புவது வாரியத்தின் வேலை, ஆனால் அனுப்பினார்களா என்று கேட்பது உங்கள் வேலை.

கேட்டவர்:
நன்றி. மழைக்கு முன் கூரையை மட்டும் மூடிக்கொள்ளலாமா?

பதில் 1:
தார்ப்பாய்க்கு மட்டும் ஆய்வாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஷிங்கிள் (கூரை ஓடு) போடாதீர்கள், உத்தரவுக்குப் பின் செலவழித்த பணத்தை வாரியத்திடம் கஷ்டம் என்று காட்ட முடியாது.