கையால் பார்க்கும் டெஸ்ட்களையும் ரெப்போவில் சேர்க்கலாமா?

கேள்வி: பிரிண்ட், ஸ்க்ரீன் ரீடர், மவுஸால் இழுத்து விடுவது, இதையெல்லாம் எங்கள் டீமில் ஆள் உட்கார்ந்துதான் பார்க்கிறார். அந்தப் படிகள் ஒரு எக்செல் ஷீட்டில் கிடக்கின்றன, கோட் மாறினாலும் ஷீட் மாறுவதில்லை. கோட் இருக்கும் கிட் ரெப்போவிலேயே போட்டால், கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ குழம்புமா?

பதில் 1: தாராளமாகப் போடுங்கள். ஜாவாவின் ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்டான ஓபன்ஜேடிகேவில், விண்டோ, பட்டன் எல்லாம் காட்டும் ஏடபிள்யூடி, ஸ்விங் பக்கம் நிறைய டெஸ்ட் இப்படித்தான். ஃபைலுக்குள்ளேயே 'மேனுவல்' என்று குறித்திருப்பார்கள், தானியங்கி டெஸ்ட் மட்டும் ஓட்டு என்று அங்கே டெஸ்ட்களை ஓட்டும் ஜேடிரெக் டூலிடம் சொன்னால் அவற்றை விட்டுவிடும். கையால் ஓட்டினால், எதைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு பாஸ், ஃபெயில் பட்டன் உள்ள விண்டோ வரும். குறிப்பும் கோடும் ஒரே கமிட்டில் மாறும், எனக்கு அதுதான் பெரிய லாபம்.

பதில் 2: பிரவுசர்களுக்கான பொது டெஸ்ட் தொகுப்பான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸில் ஃபைல் பெயரின் கடைசியில் '-மேனுவல்' என்று வைப்பார்கள். ஆனால் ரிலீஸுக்கு முன் யார் ஓட்டுவது என்று இப்போதே முடிவு பண்ணுங்கள், இல்லையென்றால் ரெப்போவில் இருந்தும் பயனில்லை. க்ளிக், கீபோர்ட் வேலைகளை அந்தத் தொகுப்பில், ஆள் செய்வதை ஸ்கிரிப்டே செய்ய வைக்கும் டெஸ்ட்டிரைவர் வைத்து தானியங்கியாக்குகிறார்கள். உங்கள் இழுத்து விடும் டெஸ்ட்டையும் முதலில் அப்படி முயலுங்களேன்.

கேட்டவர்: சரி, நன்றி. தனி ஃபோல்டர் வேண்டுமா?

பதில் 1: வேண்டாம், அந்தந்த வசதியின் டெஸ்ட்களோடு சேர்த்தே வையுங்கள், கோடைத் திருத்துபவர் கண்ணில் படும்.