ஃபில்லர் ஊசி: எந்த வகை போட்டீர்கள், மலைக்குத் திரும்பிய பிறகு எப்படி இருந்தது?

ஹட்டன் டீச்சர்:

முகத்தில் விழுந்த கோட்டையும் பள்ளத்தையும் நிரப்பப் போடுகிற ஃபில்லர் ஊசியைப் போடலாமா வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்டாயிற்று. எந்த ஃபில்லர் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. டவுனில் ஒரு பார்லரில் "ஊசி போட்டா பத்து வயசு குறையும்" என்கிறார்கள். என்ன ஊசி என்று கேட்டால் "இம்போர்ட்டட்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் என் கதையை முதலில் சொல்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

நாற்பத்தைந்து தாண்டியவள் நான். மூக்கோரத்திலிருந்து வாய் வரை இரண்டு பக்கமும் கோடு ஆழமாக விழுந்திருந்தது. கொழும்பில் தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போய், அந்தக் கோட்டை நிரப்பித் தரச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கையில் கொடுத்து, என் கன்னத்தை ஒரு விரலால் லேசாக மேலே தூக்கிக் காட்டினார். கோடு பாதி காணாமல் போயிற்று. வயது போகப் போகக் கன்னத்துக் கொழுப்பும் அதற்கு அடியில் எலும்பும் குறைவதால்தான் தோல் கீழே சரிகிறது, கோட்டுக்குள்ளேயே மருந்தை அடைத்தால் வாய்ப் பக்கம் உப்பிப்போய் முகம் மாறிவிடும் என்றார். நெற்றிச் சுருக்கத்தையும் கேட்டேன். அது தசை இழுப்பதால் வருவது, அதற்குத் தசையைத் தளர்த்துகிற பொட்டொக்ஸ் ஊசிதான், ஃபில்லர் அங்கே வேலைக்காகாது என்று முடித்துவிட்டார்.

அப்புறம்தான் எந்த வகை என்ற பேச்சு. ஹயலூரோனிக் அசிட் ஒன்று. நம் தோலிலேயே இயற்கையாக இருக்கிற பொருள், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜுவெடெர்ம், ரெஸ்டிலேன் எல்லாம் இந்த வகை. கல்சியம் கலந்தது இன்னொன்று, ரேடியெஸ் என்ற பெயரில் வருவது. கல்சியம் வகை கொஞ்சம் அதிக நாள் நிற்கும் என்று படித்திருந்ததால் எனக்கு அதில்தான் கண். மறுபடி மறுபடி கொழும்புக்கு அலைய வேண்டாமே.

டொக்டர் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க எங்க இருந்து வர்றீங்க?"

ஹட்டன் என்றேன்.

"அப்போ கரைக்கக்கூடியதே போடுவோம்."

ஹயலூரோனிக் அசிட்டைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்று ஒரு ஊசி இருக்கிறது. கோணலாகப் போனாலும், அதைவிட மோசமாக, மருந்து இரத்தக் குழாயை அடைத்துவிட்டாலும் அதைப் போட்டுக் கரைக்கலாம். கல்சியத்துக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. கொழும்பிலேயே இருக்கிறவர் ஏதாவது என்றால் அரை மணித்தியாலத்தில் கிளினிக்குக்கு ஓடி வந்துவிடுவார். நமக்கு மலை இறங்கவே நாலு மணித்தியாலம். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அதுவும் இல்லை. எனக்குச் சரியாகப் பட்டது, ஒத்துக்கொண்டேன்.

கன்னத்துக்குக் கொஞ்சம் கெட்டியான ஜெல், வாயோரத்துக்கு இளக்கமான ஜெல். இரண்டும் ஹயலூரோனிக் அசிட்தான், அடர்த்திதான் வேறு. மருந்துக்குள்ளேயே விறைப்பு மருந்து கலந்திருப்பதால் முதல் குத்து மட்டும் உறைத்தது. அன்றே ஏறி வர வேண்டாம், இரண்டு நாள் கீழேயே இருங்கள் என்றார், வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். ஓகஸ்ட் விடுமுறையில் போட்டதால் கன்றிப்போன நீலத்தைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லை. வருடம் ஒன்று தாண்டிவிட்டது, பாதிக்கு மேல் கரைந்திருக்கும். மறுபடி போடுவேனா என்றால், கன்னத்துக்குப் போடுவேன்.

பண்டாரவளை அக்கா:

நான் போட்டது டீச்சருக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த ரேடியெஸ்தான். டுபாயில் வேலை செய்த காலத்தில், தாடையோரம் தொங்குகிறது என்று போய்ப் போட்டேன். வேலைக்கு நல்ல மருந்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். தாடைக் கோடு அன்றே நேராக நின்றது. ஜெல்லில் கலந்திருக்கிற பொடிப்பொடியான கல்சிய மணிகள் உள்ளே இருந்துகொண்டு தோலைத் தாங்கி நிற்கிற கொலாஜன் என்ற புரதத்தை நம் உடம்பையே உண்டாக்கச் செய்யும், ஜெல் கரைந்தாலும் அந்தப் பலன் நிற்கும். ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு நன்றாகவே நின்றது. புறங்கையில் நரம்பு தெரிகிறவர்களுக்கும் போடுகிறார்கள், அமெரிக்காவில் 2015ல் அதற்குத் தனியாக அனுமதியே கொடுத்தார்கள்.

இடது பக்கம் மட்டும் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி. வெளியே தெரியாது, விரலுக்கு மட்டும் தட்டுப்படும். ஊருக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். தடவிவிடச் சொன்னார்கள், பொறுத்திருக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானாகத்தான் போயிற்று. உதட்டுக்கும் கண்ணுக்கு அடியிலும் இதை யாராவது போடலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே தோல் மெல்லிசு, கட்டி விழுந்தால் அப்படியே நிற்கும்.

டீச்சர், நீங்கள் கண்ணுக்கு அடியில் போடவில்லையா?

ஹட்டன் டீச்சர்:

கேட்டேன் அக்கா, மறுத்துவிட்டார். எனக்கு அங்கே பள்ளம் குறைவு, கருமைதான் அதிகம். கருமையை ஃபில்லர் மாற்றாது. அந்த இடத்தில் ஜெல் மேலாக நின்றுவிட்டால் தோலுக்குள்ளிருந்து நீல நிழல் மாதிரி வேறு தெரியுமாம். காசு மிச்சம்.

கண்டி நேர்ஸ்:

தனியார் கிளினிக்கில் வேலை செய்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள். டீச்சரின் டொக்டர் கேட்ட கேள்வியை எல்லா டொக்டரும் கேட்பதில்லை. அதனால் மலையிலிருந்து வருகிறவர்கள் நீங்களே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது வீக்கத்துக்கும் கன்றலுக்கும் இல்லை. அவை எல்லாருக்கும் வரும், ஒன்றிரண்டு கிழமையில் போய்விடும். பயப்பட வேண்டியது இரத்தக் குழாய் அடைப்பு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் நேரம்தான் எல்லாம். ஊசி போட்ட அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் வெளிறிப்போவது, பிறகு வலை பின்னினாற்போல் ஊதா நிறம் பரவுவது, இதெல்லாம் அடையாளம். நம் நிறத்துக்கு வெளிறுவது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் உடனே டொக்டருக்கு போன் அடியுங்கள், இரவு பத்து மணி என்றாலும். முதல் சில மணித்தியாலத்துக்குள் ஹயலூரோனிடேஸ் போட்டால் தோலைக் காப்பாற்றிவிடலாம். சிலருக்கு இது வீட்டுக்குப் போன பிறகும் தொடங்கும், கீழே தங்குங்கள் என்று டீச்சருக்குச் சொன்னதில் அந்த யோசனையும் இருந்திருக்கும்.

மூக்குத்தண்டும் புருவ நடுவும் மிக ஆபத்தான இடங்கள். அங்குள்ள குழாய்கள் கண்ணுக்குப் போகிறவற்றோடு சேர்ந்தவை, மருந்து அந்த வழியில் ஏறினால் பார்வையே போகலாம். விழித்திரை இரத்தமில்லாமல் ஒன்றரை மணித்தியாலம்கூடத் தாங்காது. நானுஓயாவிலிருந்து கண்டிக்கு வருவதற்குள் முடிந்துவிடும். மூக்கை நிமிர்த்த ஃபில்லர் கேட்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் என்னை ஏதோ பொறாமைக்காரி மாதிரிப் பார்க்கிறார்கள்!

இன்னொன்று, நம் பக்கத்துக்கு மட்டுமே உரியது. குளவி கொட்டி முகம் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். தேனீ, குளவி விஷத்திலும் ஹயலூரோனிடேஸ் இருக்கிறது. அப்படி ஒவ்வாமை வந்த ஆளுக்குக் கரைக்கிற ஊசியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கொழும்பு டொக்டர் மருந்து ஒவ்வாமை உண்டா என்றுதான் கேட்பார், குளவி கொட்டியதா என்று கேட்கத் தோன்றாது. நீங்களே சொல்லுங்கள்.

மருந்துப் பெட்டியை உங்கள் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். உள்ளே இலக்கம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வேறு டொக்டரிடம் ஓட வேண்டி வந்தால் உள்ளே இருப்பது என்ன மருந்து என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஊசி போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹயலூரோனிடேஸ் இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கிளினிக் பாருங்கள்.

நுவரெலியா ஹோட்டல்காரன்:

அண்ணன்மாரும் இதெல்லாம் செய்கிறோம், அக்காமாரே. ஃப்ரண்ட் ஆபிஸில் நிற்கிற வேலை. டயபட்டிஸ் வந்து உடம்பு இளைத்ததில் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், "தம்பி சுகமில்லையா" என்று கேட்காத ஆள் இல்லை. சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்த பிறகுதான் டொக்டர் ஊசிப் பேச்சையே எடுத்தார்.

எனக்குப் போட்டது ஸ்கல்ப்ட்ரா, பொலி லக்டிக் அசிட். எச்ஐவி மருந்து எடுத்துக் கன்னம் வற்றியவர்களுக்கென்று அமெரிக்காவில் 2004ல் அனுமதி கிடைத்த மருந்து, அழகுக்கென்று 2009ல்தான் கிடைத்தது. இது இடத்தை நிரப்புகிற மருந்தே கிடையாது. போட்ட அன்று கன்னம் உப்பித் தெரியும், அது மருந்தைக் கலக்கிய தண்ணீர். சில நாளில் அது வற்றி, பழைய முகமே திரும்பி வந்து நிற்கும். காசு போச்சே என்று நானும் புலம்பினேன். உரம் போட்ட மாதிரிதான், கொழுந்து பிறகுதான் வரும். சில கிழமை இடைவெளி விட்டு மறுபடி போட்டு, மாதங்கள் போகத்தான் கன்னம் நிறைந்தது. இரண்டு வருடம் வரை நிற்கும் என்கிறார்கள். ஒரே நாளில் மாறாததால் கூட வேலை செய்கிறவர்களுக்கு ஊசி என்று சந்தேகமே வரவில்லை, "ஆள் தேறிட்டான்" என்றார்கள்.

ஐந்து நாள், தினம் ஐந்து தடவை, ஐந்து நிமிடம் கன்னத்தைத் தேய்த்துவிட வேண்டும், கட்டி விழாமல் இருக்க. நைட் டியூட்டியில் ரிசப்ஷனில் உட்கார்ந்து கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தால் பல்வலியா என்று கேட்பார்கள், ஆமாம் என்று விடுங்கள். இதையும் கரைக்க முடியாது. கரைக்கிற மருந்துதான் வேண்டும் என்கிற டீச்சரின் கட்சி சரிதான், ஆனால் முகம் முழுக்க வற்றிய என்னைப் போன்றவனுக்கு ஜெல் என்றால் எத்தனை சிரிஞ்ச் வாங்குவது? ஒரு சிரிஞ்ச் ஒரு மில்லிலீட்டர்தான், தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு.

தலவாக்கலை:

எங்கள் மதினியின் தங்கச்சிக்கு ஒரு சலூனில் ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒன்றை உதட்டில் வைத்து அழுத்தி ஜெல் ஏற்றியிருக்கிறார்கள். ஊசி இல்லையே, பயமில்லை என்று சொல்லித்தான். ஒரு பக்கம் உதடு கட்டி கட்டியாகி, கண்டியில் டொக்டரிடம் காட்டினால் உள்ளே என்ன போட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, சலூனில் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. ஹயலூரோனிக் அசிட்டாக இருக்கும் என்ற நம்பிக்கையில் கரைக்கிற ஊசி போட்டு, பாதி சரியாகியிருக்கிறது. இந்தப் பேனாவைப் பாவிக்காதீர்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021லேயே எச்சரித்தது. இங்கே இன்னும் ஓஃபர் போட்டு விற்கிறார்கள்.

கண்டி நேர்ஸ்:

இதே மாதிரி வருகிறவர்களை எங்கள் கிளினிக்கிலும் பார்க்கிறேன். "சிலிக்கன்" என்று சொல்லித் திரவமாக ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைத் திரும்ப எடுக்க வெட்டத்தான் வேண்டும். முறையான மருந்துகளிலும் நிரந்தரமாக நிற்பது உண்டு, பெல்லாஃபில் போல. கரையாத பிளாஸ்டிக் மணிகளை மாட்டுக் கொலாஜனில் கலந்தது, போடுவதற்கு முன் ஒவ்வாமைச் சோதனை தேவை. நிரந்தரம் என்றதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். இன்னும் பத்து வருடத்தில் உங்கள் முகம் இறங்கும், அந்த மணிகள் போட்ட இடத்திலேயே நிற்கும்.

லிந்துலை:

எல்லாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் மேலே போகப் போக புற ஊதாக் கதிர் பத்து வீதமளவு கூடுகிறது, நுவரெலியா இருப்பது 1868 மீட்டரில். குளிர்கிறது, பனிமூட்டம் என்று சன்ஸ்கிரீன் போடாமல் திரிந்துவிட்டு இலட்சக் கணக்கில் ஊசிக்குக் கொடுக்கிறீர்கள். என் அம்மா மலையில் கொழுந்து பறித்தவர், முந்தானை மூடியிருந்த நெற்றி இன்றைக்கும் சிறுபிள்ளைத் தோல் மாதிரி இருக்கும், வெயில் பட்ட கன்னம்தான் சுருங்கிக் கிடக்கும்.

ஹட்டன் டீச்சர்:

கோபம் இல்லை, நீங்கள் சொல்வது சரி. என் டொக்டரும் முதலில் எழுதிக் கொடுத்தது சன்ஸ்கிரீன்தான். ஆனால் இறங்கிய கன்னத்தை அது தூக்காதே.

பதுளைப் பொண்ணு:

எனக்கு ஒரு கேள்வி. தை மாதம் தங்கச்சி கல்யாணம். மார்கழியில் போட்டால் போதுமா? அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து அவருக்கு அஸ்பிரின் கொடுக்கிறோம், தலைவலிக்கு நானும் அதிலேயே ஒன்றை எடுத்துப் போடுவேன். அது பரவாயில்லையா?

கண்டி நேர்ஸ்:

தங்கச்சி, மார்கழிக் கடைசி என்றால் வேண்டாம். வீக்கம் வற்ற இரண்டு கிழமை, டொக்டர் திரும்பப் பார்த்துத் திருத்த இன்னும் கொஞ்ச நாள், ஆகக் குறைந்தது ஒரு மாதம் கையில் வையுங்கள். முதல் தடவை என்றால் கார்த்திகையிலேயே போட்டுவிடுங்கள். அதே நாட்களில் பல் பிடுங்குவது, கழுவுவது எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு கிழமை தள்ளியே இருக்கட்டும். உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். அஸ்பிரின் இரத்தத்தை இளக்கும், கன்றல் அதிகமாகும். தலைவலிக்கு பரசிட்டமோல் போதும். அப்பாவின் அஸ்பிரினில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள், அது அவருக்கு நிறுத்தக்கூடாத மருந்து. பிள்ளை உண்டாகியிருந்தாலும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

எங்கே போடப்போகிறீர்கள், பதுளையிலா கொழும்பிலா? கொழும்பு என்றால் இரவு ரயிலில் உடனே திரும்புகிற திட்டம் வேண்டாம், தங்க இடம் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.