தை முகூர்த்தம்: வாக்கியமா, திருக்கணிதமா?

பேட்டைக்காரன்:
மகளுக்குத் தையில் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்து, வளர்பிறைத் திங்கள், காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் என்று குறித்துவிட்டோம். சம்பந்தி வீட்டார் திருக்கணிதக்காரர்கள், வானத்தில் காண்பதற்கு ஒத்துவரும்படி திருத்திய கணக்கைப் பார்ப்பவர்கள். அவர்கள் கணக்கில் நாங்கள் பார்த்த நட்சத்திரம் விடியுமுன்பே முடிந்துவிடுகிறதாம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. எதை நம்புவது?

குறுக்குத்துறையான்:
திருக்கணிதத்தைத்தான் அண்ணாச்சி. சந்திரனின் போக்கை 248 வாக்கியங்களில் மனப்பாடமாகக் கட்டிவைத்தார்கள் முன்னோர். அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் திருத்தாமலே ஓட்டினால் வானத்தை விட்டு விலகத்தானே செய்யும்? சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20. நடுவில் பதினோரு மாதம் சனி இரண்டு வீட்டிலுமா குடியிருந்தார்?

அம்பாசமுத்திரத்து ஆச்சி:
தம்பி, திருநள்ளாற்றுக்குப் போனவர்கள் யாரும் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கிளம்பவில்லை. கோயில் எந்தக் கணக்கில் நடக்கிறதோ அந்தக் கணக்கில்தான் கும்பிடப் போவார்கள். இவையெல்லாம் நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம். என் மாமனார் திதியை இரண்டு கொழுந்தன்களும் ஆளுக்கொரு பஞ்சாங்கம் பார்த்து இரண்டு நாளில் கொடுத்தார்கள். காகத்துக்குத்தான் கொண்டாட்டம்.

குறுக்குத்துறையான்:
வழக்கம் என்று சொல்லுங்கள் ஆச்சி, ஒப்புக்கொள்கிறேன். வானத்தை இழுக்காதீர்கள். அண்ணாச்சி, அந்த ஏழரைக் கெடுவும் அப்படித்தான். ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. திங்களன்று இரண்டாவது பங்கு. காலண்டரில் இருக்கும் ஏழரை முதல் ஒன்பது, சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் நாளுக்கு மட்டும் பொருந்தும். தை நடுவில் நெல்லையில் உதயமே ஏறக்குறைய 6.40. அப்படியானால் ராகு காலம் எட்டைத் தாண்டித்தான் தொடங்கும். இன்னொன்று, பஞ்சாங்கத்தில் கிழமை பிறப்பது உதயத்தில். ஆறு மணிக்குத் தாலி கட்டினால் அது ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம்!

அம்பாசமுத்திரத்து ஆச்சி:
நன்றாகக் குழப்புகிறாய். இதை மண்டபத்தில் யாரிடம் சொல்வாய்? என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு தாமதமாகி ஏழு இருபத்தெட்டுக்குத்தான் கெட்டிமேளம் கொட்டியது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் மணவறையைப் பார்க்கவில்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழரை தாண்டியிருந்தால் இன்றுவரை அவள் வீட்டில் பால் திரிந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பாலத்தடியான்:
சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ஆம் ஆண்டே சட்டம் போட்டாயிற்று. நான் ஆடியில் மாலை மாற்றிக்கொண்டவன். மண்டபம் கேட்ட நாளில் கிடைத்தது, சமையல்காரரும் பேரம் பேசாமல் வந்தார்.

அம்பாசமுத்திரத்து ஆச்சி:
உங்கள் அம்மா வந்தார்களா?

பாலத்தடியான்:
வந்தார்கள். மறுநாள்.

பேட்டைக்காரன்:
சண்டை வேண்டாம். சம்பந்தியோடு உட்கார்ந்து இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நட்சத்திரமும் திதியும் இரண்டிலும் ஒத்துப்போகின்றன. அவரும் சரி என்றுவிட்டார். மண்டபக்காரர்தான் அன்றைக்கு ஏற்கெனவே வேறு கல்யாணம் இருக்கிறது என்கிறார்.