மெட்-சர்ஜ் தொடங்கும் முன் எதைப் படித்தோம், எதைக் கோட்டைவிட்டோம்

மண்டபம் பக்கம், பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு:

மூன்றாவது செமஸ்டருக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டார்கள். "அக்கா, லீவுல மெட்-சர்ஜுக்கு எதப் படிச்சு வைக்கணும்?" மெட்-சர்ஜ் என்றால் மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங், பெரியவர்களின் நோய்களும் அறுவைச் சிகிச்சையும் பற்றிய பாடம். பாடத்திட்டம் மாறி, இப்போது அதற்கு அடல்ட் ஹெல்த் நர்சிங் என்று பெயர். வார்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன். சீனியர் அக்காவிடம் பாதி விலைக்கு அந்தத் தலையணைப் புத்தகத்தை வாங்கி, முதல் நோயிலிருந்து மனப்பாடம் பண்ண ஆரம்பித்தேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் வேறு. காரணம், அறிகுறி, சிகிச்சை, நர்சிங் கேர் என்று நோட்டில் நாலு கட்டம் போட்டு நிரப்பினேன். பத்தாம் நாள் பார்த்தால் எல்லா நோய்க்கும் காய்ச்சல், எல்லா நோய்க்கும் களைப்பு. ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

அந்த லீவில்தான் அப்பத்தா காலைப் பார்த்தேன். பாசி எடுக்கக் கடலுக்குள் போகிறவர். விரல்களுக்குத் துணி சுற்றிக்கொள்வார், காலைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. கடலடிப் பாறையில் கிழித்த கால் பெருவிரல், அடியில் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. வாடையும் வந்தது. "வலிக்கவே இல்லத்தா, அதான் விட்டுட்டேன்" என்றார்.

நியூரோபதி (நரம்புப் பாதிப்பு) என்ற சொல்லை முந்தின இரவுதான் எழுத்துப்பிழை வராமலிருக்க ஐந்து தடவை எழுதிப் பார்த்திருந்தேன். அதுதான் இந்த வலிக்காத புண் என்று அப்போது உறைத்தது. நோய்ப் பக்கத்தை மூடிவிட்டு உடம்பு எப்படி இயங்குகிறது என்று சொல்லும் முதல் வருட பிசியாலஜி நோட்டை எடுத்தேன். சர்க்கரை ஏறியே இருந்தால் நரம்பு மரத்துப்போகிறது, அடிபட்டது தெரிவதில்லை. ரத்தக்குழாய் சுருங்குகிறது, புண்ணுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்வதில்லை. வெள்ளை அணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை, கிருமிக்குக் கொண்டாட்டம். இது புரிந்தபின் நர்சிங் கேரை உருப்போட வேண்டியிருக்கவில்லை. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வலி வந்து சொல்லாது. வெந்நீரில் கால் வைக்கக் கூடாது, ஏனென்றால் சூடு தெரியாது. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. சர்ஜிக்கல் வார்டில் பயிற்சிக்குப் போட்ட போஸ்டிங்கில் எனக்கு வந்த முதல் கேஸே கால் புண்தான். கேர் பிளானைப் புத்தகம் திறக்காமல் எழுதினேன். அப்பத்தா விரல் தப்பியது, ஆனால் பாசிக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

கீழக்கரை, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) இரண்டாம் ஆண்டு:

எனக்கும் சர்க்கரைக் கதைதான், ஆனால் தலைகீழ். நோன்பு மாதம், மாலை நாலு மணி. பக்கத்து வீட்டு மூத்தம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்றாங்க என்று கூப்பிட்டார்கள். நான் ஓடிப்போய் எடுத்தது பி.பி. கருவி! இத்தனைக்கும் போன வாரம்தான் தாழ்சர்க்கரை அறிகுறிகளை வகுப்பில் ஒப்பித்திருந்தேன். உம்மாதான், "முதல்ல சுகரப் பாரு புள்ள" என்றார். 54. 70-க்குக் கீழே போனாலே நோன்பை விட்டுவிட வேண்டும். மூத்தம்மாவோ, "இன்னும் ரெண்டரை மணி நேரந்தானே" என்று வாயை இறுக மூடிக்கொண்டார். உம்மா கெஞ்சி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் 82.

அப்புறம் விசாரித்தால், வழக்கமாகக் காலையில் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரையை இறக்கும் மாத்திரையை அப்படியே சஹரில், அதாவது விடியுமுன் சாப்பிடும் நேரத்தில், போட்டிருக்கிறார். நோன்புக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்த்து, அளவையும் நேரத்தையும் மாற்றியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த நோயைப் படித்தாலும் அதன் மாத்திரையையும் சேர்த்தே படிக்கிறேன். மருந்துகளைப் பற்றிய பார்மகாலஜியை நான் தனிப் பாடமாக ஒதுக்கி வைத்ததுதான் தப்பு.

ராமநாதபுரம், ஸ்டாஃப் நர்ஸ்:

பிள்ளைகளா, லேப் அளவுகளைச் சும்மா எண்ணாக உருப்போடாதீர்கள். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று எனக்கும் தலைகீழாகத் தெரியும். நான் சேர்ந்த புதிதில் வலை இழுக்கும்போது கடல் பாம்பு கடித்த ஒருவர் வந்தார். கையில் இரண்டு புள்ளி, வீக்கம் இல்லை, பெரிய வலியும் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் வலி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சிறுநீர் சேரும் யூரோபேக்கை நான்தான் காலி செய்தேன். அளவை எழுதினேன், நிறத்தை எழுதவில்லை. கடுங்காப்பி நிறம்.

அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் பார்த்ததும் டாக்டருக்குப் போன் போட்டார். இந்த விஷத்தில் தசை சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரை அப்படிக் கறுக்க வைக்கும், சிறுநீரகத்தையும் அடைக்கும், பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்து இதயத்தைத் தாக்கும். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்குத்தான். கடல் பாம்புக்கு அது ஆகாது. அதனால் இ.சி.ஜி., சிறுநீர், மூச்சு என்று கண்கொத்திப் பாம்பாய்ப் பார்ப்பதுதான் வேலையே. மதுரைக்கு அனுப்பினோம், டயாலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது, நியாயமான திட்டு.

மண்டபம் பக்கம், மறுபடியும்:

சிஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு என் பழைய சார்ட்டுகளை நினைத்துப் பார்த்தேன். அளவு மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

கேட்ட பிள்ளைகளுக்கு: லீவில் பிசியாலஜியில் இதயம், சிறுநீரகம், நீர்-உப்புச் சமநிலை, இந்த மூன்றையும் முடியுங்கள். கூடவே டிரிப் கணக்கு. 500 மில்லி, 6 மணி நேரம், 20 சொட்டு செட் (ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய்) என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 28 வரவில்லையென்றால் மறுபடி போடுங்கள். போஸ்டிங்குக்கு நொடிமுள் உள்ள வாட்ச் வேண்டும், செல்போனைப் பார்த்துச் சொட்டு எண்ண வார்டில் விட மாட்டார்கள்.